சட்டகத்துக்கு வெளியே நின்றவர்கள்

1864 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கென்று காக்கும் பொறுப்பைக் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். அவர் அப்பள்ளத்தாக்கை நேரில் கண்டவரல்லர். கிழக்குக் கரையில் வாழ்ந்தோர்க்கு அதைக் காட்டியவை கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-இல் எடுத்த புகைப்படங்கள். படத்தைப் பெரிதாக்கும் வசதி அரிதாயிருந்த காலம் அது. பெரிய படம் வேண்டுமெனில் அதே அளவில் கண்ணாடித் தகடும் வேண்டும். ஆகவே 18-க்கு 22 அங்குலத் தகடுகளையும் இருட்டறைக் கூடாரத்தையும் கோவேறு கழுதைகளின்மேல் ஏற்றிச் சென்றார். பூசிய ரசாயனம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடித்தாக வேண்டும். அப்படங்கள் மட்டுமே சட்டத்தைப் பிறப்பித்தன என்பது மிகை. ஆயினும் காணாத நிலத்துக்காக வாதாடியவர்களுக்கு அவை சாட்சியாயின.

இவ்வழி பின்னர் மரபாயிற்று. 1871-இல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த படங்கள், மறு ஆண்டு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாவதற்குத் துணைநின்றன. ஆன்செல் ஆடம்ஸின் சியரா நெவாடா நூல் அதிபர் ரூஸ்வெல்ட் வரை சென்றது. 1940-இல் கிங்ஸ் கேன்யன் பூங்கா உருவாயிற்று.

வாட்கின்ஸின் படங்களில் செங்குத்துப் பாறைகளுக்குக் கீழே அகன்ற புல்வெளிகள் விரிந்து கிடக்கின்றன. பார்ப்பவர் அவற்றை இயற்கையின் கொடை என்றே எண்ணுவார். உண்மையில் அவாநீச்சி மக்கள் தலைமுறை தலைமுறையாக அளவறிந்து தீயிட்டுப் பேணிய வெளிகள் அவை. 1851-இல் மாரிபோசா படையினர் அப்பள்ளத்தாக்கில் புகுந்து அவர்களை விரட்டினர். பத்தாண்டுகளுக்குப் பின் படக்கருவி வந்தது. தீயிடும் வழக்கம் ஒடுக்கப்பட்டபின் ஊசியிலை மரங்கள் புல்வெளியை நெருக்கின. படம் காட்டிய காட்சியே மங்கத் தொடங்கியது. காக்கப்பட்டது நிலம், அதைக் காத்துவந்த கைகள் சட்டகத்திலும் இல்லை, சட்டத்திலும் இல்லை.

இந்த வரலாறு இந்தியாவுக்கும் பொருந்தும். இங்குள்ள பொதுநிலங்களில் பல, பாறையும் அருவியும் அற்றவை. அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பு புதர்நிலங்களையும் சீரழிந்த மேய்ச்சல் நிலங்களையும் தரிசு என்றே வகைப்படுத்துகிறது. ராஜஸ்தானின் ஓரண்கள் கோயிலுக்கென விடப்பட்டு, ஊராரால் காக்கப்படும் மேய்ச்சல் வெளிகள். மேற்கு மாவட்டங்களில் அவற்றின் அருகே சூரிய மின்தகடுகளும் காற்றாலைகளும் பெருகிவருகின்றன. அந்நிலத்தை வாட்கின்ஸின் முறையில் ஆளின்றி எடுத்தால், படம் வெறுமையைத்தான் காட்டும். வெறுமை என்பதே அதைக் கையகப்படுத்த விழைவோரின் வாதமும் ஆகும்.

ஆடு மேய்ப்பவர், நீர்நிலை, கால்நடைத் தடம், வெட்டப்படாத கேஜ்ரி மரம் ஆகியவற்றோடு எடுக்கப்படும் படம் அழகில் சற்றுக் குறையலாம். ஆனால், இந்நிலம் யாருடைய பராமரிப்பில் இருக்கிறது என்ற கேள்விக்கு அதனிடம் விடை இருக்கும். யோசெமிட்டியின் படங்களிடம் அந்த விடை இல்லை.