நாலு மணிப் பிறந்தநாள்

புதுச்சேரிக்காரன் மதுவைப் பற்றிக் குறை சொல்லி எழுத உட்கார்ந்தால் ஊரே சிரிக்கும். சனிக்கிழமை வந்தால் கடலூர், விழுப்புரம், சென்னை என்று எல்லாப் பக்கமிருந்தும் எங்கள் ஊருக்கு வண்டிகள் எதற்கு வருகின்றன என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மதுவிலக்குப் பிரசாரம் இல்லை. வளர்ந்தவர்கள் தங்கள் வீட்டில், தங்கள் நேரத்தில் என்ன அருந்துகிறார்கள் என்பது என் கவலையும் இல்லை. சின்னப் பிள்ளைகளின் பிறந்தநாள் விழாவில் பெரியவர்கள் குடிப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் சிறுவயதில் பிறந்தநாள் என்பது பெரிய விஷயமே இல்லை. நட்சத்திரம் வரும் நாளில் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுவார். மணக்குள விநாயகர் கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம். அவ்வளவுதான். கேக் என்ற பொருளை நான் முதலில் பார்த்தது என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்த ஒரு நண்பன் வீட்டில். அவன் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோனில் இருந்து, ஓய்வு பெற்று, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எங்கள் ஊரில் சொல்தா வீடு என்றாலே கண்ணாடி அலமாரியும் அதில் பாட்டில்களும் இருக்கும். அந்த வீட்டிலும் இருந்தன. யாரும் ஒளித்து வைக்கவில்லை.

அந்த வீட்டில் பிறந்தநாள் மாலை நாலு மணிக்குத் தொடங்கும். பிரெஞ்சுக்காரர்கள் அதைக் 'கூத்தே' என்பார்கள். நம் தெருக்கூத்து இல்லை; பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் சாப்பிடும் மாலைச் சிற்றுண்டிக்கு அந்தப் பெயர். ரொட்டி, ஜாம், கேக், எலுமிச்சைச் சாறு. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் முற்றத்தில் ஓடிப் பிடித்து விளையாடுவோம். ஆறு மணிக்கெல்லாம் அவரவர் வீட்டிலிருந்து ஆள் வந்து கூட்டிப் போய்விடுவார்கள். சொல்தாவின் நண்பர்கள் வருவது ஏழு மணிக்கு மேல். அலமாரி திறப்பதும் அப்போதுதான். குடிக்கிற வீடுதான். ஆனால் பிள்ளையின் நேரம் வேறு, பெரியவர்களின் நேரம் வேறு என்று ஒரு கோடு அங்கே இருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். சிறுவயதிலேயே ஒரு வாய் பழக்கிவிட்டால் பெரியவனானதும் அளவோடு குடிப்பான், பிரான்சில் அப்படித்தான் என்று நம் ஆட்கள் சிலர் வாதம் செய்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கே பள்ளிச் சாப்பாட்டு மேசையிலேயே பிள்ளைகளுக்கு ஒயின் இருந்தது உண்மை. ஆனால் 1956-இல் பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியில் அதைக் கொடுக்கக்கூடாது என்று நிறுத்தியவர்களும் அவர்களேதான். அதற்குச் சற்று முன் பிரதமராக இருந்த பியேர் மாந்தேஸ் பிரான்ஸ் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க ஏற்பாடு செய்தார். அவரே பொது நிகழ்ச்சிகளில் பால் குடித்தார். அதற்காகக் கேலியும் வாங்கிக்கொண்டார். 1954 அக்டோபரில் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை கையெழுத்தானதும் இவர் பிரதமராக இருந்தபோதுதான். எங்களை விட்டுப் போகும்போது அந்தப் பால் கோப்பையையும் இங்கே வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் உறவுக்காரர் வீட்டுப் பையனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீச்சல் குளத்தோடு ஒரு வீட்டை ஒருநாள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அழைப்பில் மாலை ஆறரை மணி என்று இருந்தது. கீழே பலூன், பொம்மை வேடம் போட்ட ஆள், பாட்டு. மொட்டை மாடியில் அப்பாக்கள். ஏழரைக்குக் கேக் வெட்டுவதாக இருந்தது. அப்பா வந்தால்தான் வெட்டலாம். அப்பா 'இதோ, இந்த ரவுண்டு முடிந்ததும்' என்று மாடியிலிருந்தே குரல் கொடுக்கிறார். எட்டானது, எட்டரையானது. பையனின் அம்மா இரண்டு முறை மேலே போய்த் திரும்பி வந்தாள். மூன்றாவது முறை போகவில்லை. ஒன்பதே காலுக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தபோது, பிறந்தநாள் பையன் பாட்டி மடியில் தூங்கிப்போயிருந்தான். எழுப்பி, கண்ணைத் திறக்காத பிள்ளையின் கையில் கத்தியைக் கொடுத்து வெட்டினார்கள். அந்தப் படத்தை ஆல்பத்தில் போட்டிருக்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள், அவன் ஒருவனைத் தவிர.

அன்று நான் குளத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்களே என்ற பயம். பக்கத்தில் நாலைந்து பொடிசுகள் பேப்பர் கப்பில் ஆரஞ்சு ஜூஸ் வைத்துக்கொண்டு விளையாடினார்கள். கப்போடு கப்பை இடித்து 'சியர்ஸ்' என்றார்கள். ஒரு பையன் தள்ளாடி நடந்து காட்டினான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆறு வயதிருக்கும் ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, "தாத்தா, எங்கப்பா எத்தனை கப் குடிச்சாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். ஏம்மா கேட்கிறாய் என்றேன். "மூணுக்கு மேல போனா அம்மாதான் வண்டி ஓட்டணும். அம்மாவுக்கு ராத்திரியில ஓட்டத் தெரியாது" என்றாள்.

ஆறு வயதுப் பிள்ளை பலூனை எண்ண வேண்டும். அப்பாவின் கோப்பையை எண்ணிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எனக்கு அங்கே சாப்பாடு இறங்கவில்லை. நம் மோட்டார் வாகனச் சட்டப்படி நூறு மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். மாடியில் இருந்த எத்தனை பேருக்கு அந்தக் கணக்கு தெரியும்? அந்தப் பிள்ளை தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தது. அன்றிரவு அவர்களைக் கொண்டுபோய் விட, என்னை அழைத்து வந்த வாடகைக் காரையே ஏற்பாடு செய்தேன். அப்பாவுக்குக் கொஞ்சம் கோபம்தான். இருக்கட்டும்.

2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில், சிறப்பு அனுமதி வாங்கித் திருமண மண்டபங்களில் மது பரிமாறலாம் என்று ஓர் அறிவிப்பு வெளியாகிப் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. உடனே மண்டபங்களை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். மண்டபத்துக்கு அரசாங்கம் வேலி போடலாம். வாடகை வீட்டு மொட்டை மாடிக்கு யார் போடுவது? நாம்தான் போட்டாக வேண்டும்.

போன வருடம் என் பேத்திக்கு நாலு வயது நிறைந்தது. என் மகன் விழா ஏற்பாடு பற்றிப் பேச வந்தான்.

"அப்பா, பெரியவங்க வர்றாங்க. அவங்களுக்கு ஒண்ணுமே இல்லாம எப்படி? முகம் சுளிப்பாங்க."

"யாருக்குப்பா பிறந்தநாள்?" என்றேன்.

"பாப்பாவுக்கு."

"அப்ப வர்றவங்க யாரு வீட்டு விருந்தாளி? பாப்பா வீட்டு விருந்தாளி. பாப்பா எதை எடுத்து நீட்ட முடியுமோ அதுதான் விருந்து."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மருமகள்தான் வந்து, "மாமா, நாலு மணிக்கு வச்சுக்கலாமா?" என்று கேட்டாள். சொல்தா வீட்டுக் கூத்தே கதையை அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தேன். ஞாபகம் வைத்திருந்திருக்கிறாள்.

நாலு மணிக்கே வைத்தோம். வெயில் தாழ்ந்த நேரம். 'குடிக்கக்கூடாது' என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டப்பகலில் கேசரியும் போண்டாவும் டீயும் இருக்கும் இடத்தில் யாரும் பாட்டிலைத் தேடுவதில்லை. மகனின் நண்பர்களில் இரண்டு பேர் வரவில்லை, அது உண்மை. வந்தவர்களில் ஒருவர் வாய் வலிக்க வலிக்கப் பலூன் ஊதினார். இன்னொருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு கண்ணாமூச்சி ஆடினார். அவர் மகன் அவரை விட்டு நகரவே இல்லை. அப்பாவோடு விளையாடி எத்தனை நாளாயிற்றோ. ஐந்து மணிக்குக் கேக். பேத்தி முழு விழிப்போடு ஊதினாள். இரண்டு தடவை ஊதியும் மெழுகுவத்தி அணையவில்லை, மூன்றாவது தடவை எச்சில் தெறிக்க ஊதி அணைத்தாள். நான்தான் முதல் துண்டு சாப்பிட்டேன்.

நகராட்சியில் பிறப்புப் பதிவேட்டில் பல வருடங்கள் எழுதியவன் நான். பிள்ளையின் பெயர், தேதி, நேரம், பெற்றோர் பெயர் என்று ஒவ்வொன்றையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவோம். அந்தத் தேதி அந்தப் பிள்ளைக்கு உரியது. வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது. வருடத்தில் மீதி 364 நாட்கள் பெரியவர்களுக்கு இருக்கின்றன. அந்த ஒரு நாளிலும் இரண்டரை மணி நேரம்தான் கேட்கிறேன். நாலு மணிக்கு அழையுங்கள், ஆறரைக்குள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அதன் பிறகு உங்கள் பொழுது உங்களுடையது.