விரல்களுக்கு அடுப்பில்லை

“மலேசியாவிலே குளிரா! நீர் கதை கட்டுகிறீர், ஐயா” என்று கிள்ளானிலும் ஈப்போவிலும் உள்ள என் சிநேகிதர்கள் நகைப்பது வழக்கம். அவர்கள் மீது குற்றமில்லை. வெயிலிலும் வியர்வையிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குளிர் என்பது படத்தில் பார்க்கும் பொருளே. நான் கிராணி உத்தியோகம் பார்க்கும் தேயிலைத் தோட்டமோ கேமரன் மலையில் இருக்கிறது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நிலவளவையாளர் இப்பக்கத்து மலைகளை அளந்து சென்றமையால் அவர் பெயரே இம்மலைக்கு நிலைத்தது. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி உஷ்ணம் குறையும் என்பது பொதுவான கணக்கு. கடற்கரையில் விடியற்காலை 24 டிகிரி இருக்குமானால், 1,400 மீட்டருக்கு மேலுள்ள எங்கள் மலையில் 15 அல்லது 16 டிகிரிதான் இருக்கும். 1978ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது 7.8 டிகிரி வரை இறங்கியதுண்டு.

பனி உறையும் தேசத்தார் 15 டிகிரியைக் குளிரென்றே மதிக்கமாட்டார்கள். ஆனால் ஈரமும் காற்றும் அதனோடு கூடிவிட்டால், சில மனிதருடைய கைகளுக்கு அதுவே போதும். அத்தகைய கைகள் என்னுடையவை. அவற்றைப் பற்றியும், அவற்றின் காரணமாக நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் எழுதத் துணிந்தேன்.

என் தந்தையாரும் தோட்டத்துக் கிராணியாகவே இருந்தவர். நாற்காலியை விட்டு எழாமல் உழைத்தார். ஐம்பத்திரண்டாம் வயதில் மாரடைப்பினால் காலமானார். எனக்கு முப்பது வயதானபோது அந்நினைவு என்னை அச்சுறுத்தியது. அன்று முதல் பெரட்டுக்கு மணி அடிக்குமுன் ஐந்து கிலோ மீட்டர் ஓடுவதை விரதம் போல் கொண்டேன். கால்கள் விரைவில் பழகின. மூச்சும் பழகிற்று. கைகள் மட்டும் பழக மறுத்தன.

ஓடத் தொடங்கிய ஐந்தாறு நிமிஷங்களில் மோதிர விரல் வெளுக்கும். பிறகு நடுவிரல், பிறகு சுட்டு விரல். கோல் வைத்துக் கோடு கிழித்தாற்போல, ஒரு கணு வரை மெழுகின் வெண்மையும் அதற்குக் கீழே வழக்கமான நிறமுமாக நிற்கும். கிள்ளினால் தெரியாது. சற்றுப் பொறுத்து நீலம் படரும். வீடு திரும்பிக் கை சூடேறும்போது செக்கச் சிவந்து, ஆயிரம் எறும்புகள் ஒருங்கே கடித்தாற்போல் வலிக்கும். காரியாலயக் கதவின் சாவியை விரலால் திருக முடியாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையே அழுத்தித் திருகிய நாட்கள் பல. யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் நோக்கிக்கொண்டே திருகினேன்.

ஓடினால் உடம்பு சூடேறுமே, கை மட்டும் ஏன் குளிர வேண்டும் என்று நேயர்கள் வினவலாம். நானும் அவ்வாறே வினவினேன். ஆங்கிலங் கற்றவனாகையால் ஆங்கில நூல்களைப் புரட்டினேன். அவற்றில் அறிந்தது இதுதான். நம் உடலின் உள்ளுறுப்புக்கள் 37 டிகிரி அளவிலேயே இருந்தாக வேண்டும். குளிர் தாக்குமானால், உடம்பு தன் நடுப்பகுதியைக் காக்கும் பொருட்டு ஓரங்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. நரம்புகளின் ஏவலால் விரல்களின் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. எல்லோருக்கும் இது நிகழ்வதே. சிலருக்கோ இக்குழாய்கள் அளவுக்கு மீறி அஞ்சி, அடியோடு மூடிக்கொள்கின்றன. 1862ஆம் ஆண்டில் மோரீஸ் ரேனோ என்னும் பிரெஞ்சு வைத்தியர் இதனை ஆராய்ந்து எழுதினமையால் இதற்கு ரேனோ நோய் என்று பெயர் வழங்குகிறது. குளிர் மட்டுமன்றி மனக்கலக்கமும் இதனைத் தூண்டும்.

ஓடுகிறவனுக்கு இதில் மேலும் இரண்டு இடையூறுகள் உண்டு. ஓட்டத்தின் தொடக்கத்தில் இரத்தம் கால்களின் தசைகளை நாடிச் செல்கிறது. உடம்பு முழுவதும் சூடேறிய பின்னரே கைகளுக்குத் திரும்புகிறது. அன்றியும், மணிக்குப் பத்துக் கிலோ மீட்டர் ஓடுபவன் அசையாத காற்றிலும் மணிக்குப் பத்துக் கிலோ மீட்டர் வேகமுள்ள காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். அக்காற்றின் முகத்திலே முன்னும் பின்னும் வீசப்படுபவை கைகளேயாம்.

என் தாயார் இதனைக் காற்றுச் சேட்டை என்று எண்ணி, மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்றை என் மணிக்கட்டில் இறுகக் கட்டினார். தாயின் அன்பை நான் பழிக்கவில்லை. ஆனால் இரத்தம் போதாமல் வாடும் கைக்கு, இரத்தம் போகும் வழியிலேயே ஒரு கட்டு! ஒரு வாரத்தில் அதனை அறுத்துவிட்டேன். அவர் மனம் நோவாதபடி தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன். கடிகாரப் பட்டையையும் ஓட்டத்தின்போது தளர்த்திக்கொள்ளக் கற்றேன்.

அதற்குப் பின் கையுறை வாங்கினேன். விலையுயர்ந்தது, ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை. அதுவும் பயன்படவில்லை. கையுறை சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ள சூட்டைக் காப்பாற்ற மட்டுமே வல்லது. குளிர்ந்த கையை உள்ளே விட்டால் குளிரையே காப்பாற்றிக் கொடுக்கும். இச்சிறு உண்மை எனக்கு விளங்க ஓராண்டு சென்றது.

நிற்க. இனி என் பிழையைச் சொல்லுகிறேன்.

சென்ற நவம்பரில் விடாமழை. எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் முதிய பெண்மணி ஒருவர், பெரட்டு முடிந்தும் மலைக்கு ஏறாமல், தேயிலைச் சாலையின் சூடான சுவரில் கைகளை ஒட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றுவிட்டார். மண்டோர் வந்து சொன்னார். நான் செக்ரோலில் அந்த அம்மையாருக்கு அரைப் பேர் போட்டேன். மாலையில் அவர் காரியாலய வாயிலுக்கு வந்தார்.

“கிராணி ஐயா, வேலைக்குச் சோம்பி நிற்கவில்லை. விரல் செத்துவிட்டது. செத்த விரலால் கொழுந்தை எப்படிக் கிள்ளுவேன்?” என்றார்.

கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் மற்றவர் விரல்களைப் போலவே இருந்தன. இந்நோயின் வஞ்சகம் அதுதான். சாட்சி சொல்ல வேண்டிய வேளையில் வெண்மை மறைந்துவிடுகிறது. அதனை என்னைவிட நன்றாக அறிந்தவர் அத்தோட்டத்தில் வேறு எவரும் இலர். அறிந்திருந்தும், “எழுதியது எழுதியதுதான், அம்மா” என்று கூறிக் குனிந்துகொண்டேன். அவர் விரலை நான் நம்பினேன் என்றால் என் விரலைப் பற்றியும் பேச நேரும். பலவீனன் என்று மேலிடத்தார் எண்ணிவிடுவார்களோ என்னும் அச்சத்தால் அதனை நான் எவரிடமும் சொன்னதில்லை. ஓர் ஏழையின் அரைநாட் கூலியைக் கொண்டு என் இரகசியத்தைக் காத்துக்கொண்டேன் என்பதே உண்மை.

அடுத்த சம்பள நாளன்று, ஓட்டம் முடிந்த கையோடு சம்பளச் சீட்டுக்களைக் கொடுக்க உட்கார்ந்தேன். அந்த அம்மையாரின் முறை வந்தபோது சீட்டு என் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்தார். நிமிரும்போது என் கையைப் பார்த்தார். மூன்று விரல்களும் வெளுத்திருந்தன.

“உங்களுக்குமா, ஐயா?” என்றார். அவ்வளவே. அச்சொல்லில் பழிப்புச் சிறிதும் இல்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாட் காலை அவருடைய பேரன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். பழைய கம்பளிக் காலுறைகள் இரண்டு. பாதப்பகுதியை வெட்டியெறிந்து, ஓரத்தைத் தைத்து, விரற்கணுவிலிருந்து முழங்கை வரை இழுத்துவிடும்படி செய்திருந்தார். லயத்துப் பெண்கள் சிலர் இவ்வாறு அணிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன், ஒருமுறையும் சிந்தித்ததில்லை. அதனை அணிந்து, மேலே கையுறையும் மாட்டி ஓடினேன். பாதி வழியில் விரல்கள் வெளுக்கக் காணோம். அன்றொரு நாள்தானோ என்று ஐயுற்றுப் பத்து நாட்கள் சோதித்தேன். இரண்டு நாட்கள் மட்டுமே வெளுத்தன. இரண்டும் நான் மழையில் நனைந்த நாட்கள்.

இதன் காரணத்தை நேயர்கள் தாங்களே சோதித்தறியலாம். இடது கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு, வலது விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். அசையும் தசைகள் முழங்கைக்குக் கீழே துடிக்கும். விரல்களை மடக்கி நீட்டும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலுமே இருக்கின்றன. விரலுக்குள்ளே எலும்பும் தசைநாணும் தோலும்தான். ஆகவே விரலுக்குச் சொந்தமாக அடுப்பில்லை. அதற்குரிய சூடு முழுவதும் இரத்தத்தின் வழியாக மேலிருந்தே வரவேண்டும். மணிக்கட்டில் இரத்தக்குழாய்கள் தோலுக்கு வெகு சமீபத்தில் ஓடுகின்றன. அவ்விடம் குளிர்ந்தால் வழியிலேயே சூடு கொள்ளைபோய்விடுகிறது. நூல்களைப் புரட்டி நான் காணாததை, மழையில் நின்றே அந்த அம்மையார் கண்டுவைத்திருந்தார்.

இப்பொழுது நான் கைக்கொள்ளும் முறைகளைச் சுருங்கச் சொல்லுகிறேன். முதலாவது, வீட்டுக்குள்ளேயே உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, கை சூடாக இருக்கும்போதே உறையை மாட்டிப் புறப்படுதல் வேண்டும். இரண்டாவது, மார்புக்கும் தலைக்கும் நன்றாகப் போர்த்துதல் வேண்டும். நடுப்பகுதி குளிருமானால் எவ்வளவு உயர்ந்த கையுறையும் வீண். மூன்றாவது, நான்கு விரல்களும் ஒரே அறையில் கூடியிருக்க, கட்டைவிரலுக்கு மட்டும் தனியறை உள்ள உறையே சிறந்தது. கூடியிருக்கும் விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். உள்ளே கம்பளியும் வெளியே காற்றுப் புகாத துணியும் நலம். பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொண்டு கையை மேலும் குளிர்விக்கும். நான்காவது, முஷ்டியை இறுக்காமல் கையைத் தளர்த்தி ஓடுக. வெளுப்புத் தோன்றினால் நின்று, தோளிலிருந்து கையைச் சக்கரம் போலச் சுழற்றுக. இரத்தம் நுனிக்கு விரையும். ஐந்தாவது, உணர்ச்சியற்ற கையை நெருப்பிலும் கொதிநீரிலும் வைக்கலாகாது, வெந்தாலும் தெரியாது. வெதுவெதுப்பான நீரோ அக்குளோ போதும். புகை பிடிப்பவர் அதனை விடுவாராக; புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது.

இன்னொன்றும் கூறக் கடமைப்பட்டுள்ளேன். இளவயதில் இரு கைகளிலும் தொடங்கி அதே அளவில் நிற்பது பெரும்பாலும் தீங்கற்றது. நடுவயதுக்குப் பின் புதிதாகத் தோன்றினாலோ, ஒரு கையில் மட்டும் வந்தாலோ, விரல் நுனியில் புண் கண்டாலோ, வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும். புல்வெட்டும் யந்திரம், மரமறுக்கும் யந்திரம் முதலிய அதிரும் கருவிகளை நெடுநாள் பிடித்தவர்க்கும் விரல் வெளுக்கும். அமெரிக்காவிலே யந்திர உளி பிடித்த சுண்ணாம்புக்கல் தொழிலாளிகளிடம் ஆலிஸ் ஹாமில்டன் என்னும் வைத்திய அம்மையார் 1918ஆம் ஆண்டிலேயே இதனைக் கண்டு வெளியிட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், நம் தோட்டங்களில் யந்திரம் பிடிக்கும் தோழர் பலர் தம் வெளுத்த விரலை வெறுங்குளிர் என்றே எண்ணியிருக்கின்றனர்.

அந்த அம்மையாருக்கு இது ஐம்பது வயதுக்குமேல் தொடங்கியது. அதனை அறிந்ததும் அரசாங்க மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். இரத்தம் எடுத்துச் சோதித்து, மருந்து கொடுத்திருக்கிறார்கள். வழியில், அந்த அரைநாட் கூலியை என் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“உங்கள் காசு எனக்கு எதற்கு, ஐயா? என் பேரை எழுதுங்கள்” என்றார்.

மறுநாள் நிர்வாகிக்குக் கடிதம் எழுதினேன். அவர் நின்றது நோயினால் என்றும், நான் அறிந்தே தவறாக எழுதினேன் என்றும், எனக்கும் அந்நோய் உண்டு என்றும் எழுதிக் கையொப்பமிட்டேன். என் உத்தியோகம் போய்விடவில்லை; நான் அஞ்சியதெல்லாம் வீண். அரைப் பேர் அடுத்த மாதக் கணக்கில் ஏறிற்று. பெரட்டுக் களத்தில் வெந்நீர் வைக்க அனுமதி கிடைத்தது. மலைக்கு ஏறுபவர்களுக்குக் கம்பளி உறை கேட்டு எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. மாதந்தோறும் நினைவூட்டி எழுதிவருகிறேன்.

ஆபத்துக் காலத்தில் நடுவைக் காத்து ஓரத்தைக் கைவிடுவது உடம்பின் இயற்கை. ஒரு மணி நேரத்துக்கு அது நியாயம். ஆனால் கணக்கெழுதும் இடத்தைச் சூடாக வைத்துக்கொண்டு, உழைக்கும் விரலை ஆண்டு முழுவதும் குளிரில் விடுவது மனிதனுக்கு நியாயமாகாது. தோழர்களே, உங்கள் விரல் வெளுத்தால் மறைக்காதீர்கள். பிறர் விரல் செத்துவிட்டதென்று சொன்னால், அது வெளுத்திருக்கும் வேளையில் சென்று பாருங்கள்.