வியன்னாவின் பனிக்கால நடனவிழா
ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவிலே நடனவிழாக்கள் மிகுவது ஜனவரி, பெப்ரவரி மாதங்களிலேயாகும். அவற்றுட் புகழ்பெற்றது, அந்நகரின் இசைநாடக அரங்கில் 1935இல் தொடங்கிய ஒப்பரா நடனவிழா. பெண்டிர் நிலந்தோயும் நெடிய அங்கியும், ஆடவர் பின்புறம் நீண்ட கரிய கோட்டும் வெண் கழுத்துப்பட்டியும் அணிதல் அங்கு விதி.

வீதியிலே உறைபனி, மண்டபத்திலோ ஆடுவோர் நெருக்கத்தால் வெப்பம். குளிருக்கஞ்சித் தடித்த உடை பூண்டோர் வால்ஸ் நடனத்திற் சிலமுறை சுழலுமுன் வியர்த்துத் தளர்வர். அறிந்தோர் குளிர்காக்கும் பொறுப்பைக் கம்பளி மேலங்கிக்கு விட்டு, அதனை வாயிலருகே ஒப்படைத்துச் செல்வர். உள்ளே வெல்வெட் அல்லது கனத்த பட்டு அங்கி போதும். முழங்கை கடந்த கையுறை அழகோடு இதமும் தரும். அங்கியின் விளிம்பு காலைத் தடுக்கலாகாது.

பொருள் குறைந்த மாணவர் நாணவேண்டுவதில்லை. விழாவுடைகளை வாடகைக்குத் தரும் கடைகள் அங்குண்டு. கடன்பட்டு வாங்கிய பகட்டினும், உடலுக்கிசைந்த இரவல் உடையே அவையிற் சிறக்கும்.