எனக்குக் கட்டுப்படியாகாது

கடம்பூர் என்றால் ரயில்காரர்களுக்குப் போளி. நல்ல போளிதான், ஆனால் பேரம் என்று ஒன்று நடந்தால், அதில் வரும் வினைச்சொல் போளியைவிட ருசியானது. "அந்த விலைக்குக் கட்டுப்படியாகாதுண்ணே" என்பார் விற்பவர். "இந்த விலை நமக்குக் கட்டுப்படியாகாதுப்பா" என்பார் வாங்குபவர். முன்னவருக்கு விலை குறைச்சல், பின்னவருக்கு அதிகம். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே படிக்கல்!

செலவைக் கட்டுகிற ஆள் யாரென்று இந்த வினை காட்டிக்கொடுப்பதில்லை. 'எனக்கு', 'நமக்கு' என்று மனிதர்கள் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நின்றுவிடுகிறார்கள், குற்றம் விலையுடையதாகிவிடுகிறது. வசதியான ஏற்பாடு. பெண் கேட்டு வந்த பெரிய இடத்தைக்கூட "அது நமக்குக் கட்டுப்படியாகாது" என்று யார் மனமும் நோகாமல் அனுப்பிவைக்கலாம்.

கடம்பூரைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் மட்டும் இது விளையாட்டுச் சொல் இல்லை. புரட்டாசி மழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கிற மானாவாரி பூமி இது. உழவுக்கூலி, விதை, உரம், களையெடுப்பு, மருந்து. 2018-இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தின் குருத்துக்குள் உட்கார்ந்துகொண்டதிலிருந்து மருந்துச் செலவு தனிக் கதை. காட்டுப்பன்றி மிச்சம் வைத்ததுதான் மகசூல்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்றார்கள். அந்தக் கணக்கைப் பார்ப்பதற்கென்றே 1965-இல் டெல்லியில் ஓர் ஆணையம் அமைத்தார்கள். அங்கே செலவுக்கு மூன்று அளவுகோல். கையை விட்டுப் போன செலவு 'ஏ2'. அதோடு குடும்பத்தார் உழைப்புக்கும் கூலி போட்டால் 'ஏ2+எஃப்எல்'. சொந்த நிலத்துக்கு வாடகை, முதலுக்கு வட்டி எல்லாம் சேர்த்தால் 'சி2'. செலவைப்போல் ஒன்றரை மடங்கு ஆதரவு விலை என்று 2018-இல் அரசு சொன்னது நடு அளவுகோலின்படி. விவசாயிகள் சங்கங்கள் இன்றுவரை கேட்பது கடைசியை. 2025-26-க்கு உளுந்துக்குக் குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் என்பதும் நடு அளவுகோல் தந்த விலைதான்.

கடம்பூர்ப் பக்கத்துக் கணக்கோ பெரும்பாலும் முதல் அளவுகோலோடு நின்றுவிடும். விதைக்காசும் மருந்துக்காசும் கைக்குத் திரும்பிவிட்டால் "இந்த வருசம் கட்டுப்படியாச்சு" என்பார் சம்சாரி. கரிசலில் விவசாயிக்குச் சம்சாரி என்றுதான் பெயர், கி.ராஜநாராயணனைப் படித்தவர்களுக்குப் பழகிய சொல். மற்ற ஊர்களில் சம்சாரம் என்றால் மனைவி. அந்தச் சம்சாரம் குனிந்து எடுத்த களைக்குக் கூலி போடாதவரைக்கும் உழக்கு மிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது.