அது இருபத்து மூன்று இல்லை

தமிழை ஒரே வரியில் எழுதிக்கொண்டே போகலாம். கணக்கு அப்படி நிற்காது. பின்னம் மேலும் கீழுமாக நிற்கும், சுட்டி தோளில் ஏறி உட்காரும், வர்க்கமூலம் தன் கூரையை நீட்டிக்கொண்டே போகும். இதையெல்லாம் ஒரு வரியில் அடித்துப் போட்டால் 2³ என்பது 23 ஆகிவிடும். சும்மா சொல்லவில்லை. சாதாரணதரப் பழைய வினாத்தாள்களைப் போட்டிருக்கும் ஒரு தளத்தில் சுட்டிப் பாடத்தின் கேள்விகள் எல்லாமே இப்படிச் சப்பையாகிக் கிடந்தன. பசறைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி அதை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறாள். "அக்கா, விடை 8னு போட்டிருக்கு, எனக்கு ஒன்னுமே புரியல, 23 எப்படி 8 ஆகும்?" என்று எங்களில் ஒருத்தியிடம் கேட்டாள். கேள்வி நியாயமானது. பக்கம்தான் பிழை.

பதுளை டவுனில் இருக்கிற பிள்ளைக்கு டியூஷன் இருக்கு. ஹாலிஎலை, தெமோதரை தாண்டி மேலே ஏறினால், கணித ஆசிரியர் மாற்றலாகிப் போன பாடசாலையில் அடுத்தவர் வரும்வரைக்கும் புத்தகமும் போனும்தான். சாதாரணதரத்தில் கணிதம் விட்டுப்போனால் உயர்தரமும் கைவிட்டுப் போகலாம். அதற்குப் பிறகு கொழும்புக் கடையோ கார்மென்ட்ஸோதான். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது போன் வகுப்பறையானது. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். கொழும்புக்கே அந்த நிலைமை என்றால் எங்கள் பக்கத்துப் போட்டோகொப்பி விலையைக் கேட்கவா வேண்டும். அதனால்தான் கணக்குகளை விளக்கத்தோடு தமிழில் செய்து போனுக்கு அனுப்பலாம் என்று நாங்கள் சில பேர் உட்கார்ந்தோம். கணக்குச் செய்வது லேசாக இருந்தது. அதைத் திரையில் காட்டுவதில்தான் இவ்வளவு கதை இருக்கிறது.

நல்ல ஆசிரியர்கள் ஏற்கெனவே ஒரு வழி கண்டிருந்தார்கள். கொப்பியில் கணக்கைச் செய்து, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது. அது பெரிய உதவி, குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஸ்கிரீன்ஷொட்டின் ஸ்கிரீன்ஷொட்டாகப் பரவும்போது போட்டோ மங்கிக்கொண்டே போகும். முதலில் காணாமல் போவது கழித்தல் குறி. அதற்குப் பிறகு அந்தக் கணக்கு வேறு கணக்கு. போட்டோவுக்குள் தேடவும் முடியாது. கண் தெரியாத பிள்ளைக்கு அதில் ஒன்றுமே இல்லை.

வினாத்தாள் டைப் பண்ணுறவங்களில் பல பேர் இன்னமும் பாமினியை விடவில்லை. பாமினியில் அடித்த தமிழ் உள்ளே ஆங்கில எழுத்துதான். எழுத்துரு ஒரு முகமூடி போட்டு அதைத் தமிழாகக் காட்டுகிறது. இணையத்தில் ஒட்டினால் முகமூடி கழன்றுவிடும். சமன்பாடுகளோ வேர்டின் பழைய ஈக்குவேஷன் எடிட்டரில் செய்தவை. டிசைன் சயன்ஸ் என்ற நிறுவனம் செய்த அந்தக் கருவியை, பாதுகாப்பு ஓட்டை காரணமாக மைக்ரோசொப்ட் 2018 ஜனவரியில் தூக்கிவிட்டது. பழைய கோப்பைத் திறந்தால் சமன்பாடு தெரியும், அந்தக் கருவியை வைத்துத் திருத்த முடியாது.

கணக்கை அழகாக அச்சுக்கோக்கும் வழி பழையதுதான். டொனால்ட் குனுத் என்ற கணினி அறிஞர் 1977இல் தன் புத்தகத்தின் புதிய பதிப்புக்கான அச்சுப்படிகளைப் பார்த்து நொந்துபோய், தானே ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தார். 1978இல் வந்த 'டெக்' அதுதான். அதில் கணக்கை வரையத் தேவையில்லை, சொன்னால் போதும்: பின்னம், மேலே இது, கீழே இது. கோட்டின் நீளத்தையும் எழுத்தின் அளவையும் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் டெக் அச்சுக்கானது, பிரவுசருக்கு அந்தப் பாஷை தெரியாது. அந்த இடைவெளியில்தான் ஜாவாஸ்கிரிப்ட் நுழைந்தது. 2004இல் வந்த ஜேஎஸ்மேத்தின் வழியில் 2010இல் மேத்ஜாக்ஸ் வந்தது. அதை ஆரம்பித்து வைத்தவர்களில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தோடு அதே டிசைன் சயன்ஸும் இருந்தது. 2014இல் கான் அகாடமி கேட்டெக் என்ற, இன்னும் சின்ன, இன்னும் வேகமான ஒன்றை வெளியிட்டது. எல்லாமே இலவசம்.

வேலை நடக்கும் விதம் இதுதான். பக்கத்தில் டெக் பாஷையில் எழுதிய வரிகள் அப்படியே வரும். பின்னாலேயே ஸ்கிரிப்ட் வந்து, அவற்றைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு குறியும் எங்கே, எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து, சின்னச் சின்னப் பெட்டிகளாக அடுக்கி வைக்கும். அந்தக் கணக்கை யார் போடுவது? பிள்ளையின் போன். யாருடைய டேட்டாவில்? பிள்ளையின் டேட்டாவில். ஸ்கிரிப்ட்டும் எழுத்துருக்களும் வந்து சேருவதற்குள் சிக்னல் அறுந்தால், கணக்கு இருக்கவேண்டிய இடத்தில் பின்சாய்கோடும் வளைவு அடைப்பும் டொலர் குறியும் மட்டும்தான் மிஞ்சும். லயத்து வாசலில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு சிக்னல் என்ற இடங்களில் இது எத்தனை தடவை நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

டொலர் குறி என்றதும் ஞாபகம் வருது. டெக்கில் கணக்கின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டுவது டொலர் குறிதான். மேத்ஜாக்ஸ் ஒற்றை டொலரைத் தானாகவே அப்படி எடுத்துக்கொள்ளாது, சாதாரண வசனத்தில் விலையாகவும் அது வருமே என்ற முன்யோசனை. அந்த வசதியைத் திறந்து விட்டுவிட்டு நாணயமாற்றுக் கணக்கு எழுதிப் பாருங்கள். இரண்டு டொலர் விலைகளுக்கு நடுவில் இருக்கிற வசனமெல்லாம் இடைவெளியை இழந்து ஒட்டிக்கொள்ளும். டொலர் 360 ரூபாவைத் தொட்ட 2022இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அத்துப்படியான கணக்கு வேறு அது.

எங்களை அதிகம் மினக்கெடுத்தது தமிழ்தான். 'கதி = தூரம் / நேரம்' என்பதைப் பின்னமாகக் காட்டவேண்டும். டெக்கின் கணித முறையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு மாறி. 'தூரம்' என்று நேரே போட்டால் த தனி, அதன் ஊகாரக் குறி தனி, ர தனி, ம தனி, மேல் புள்ளி தனி. உயிர்க்குறி கழன்று ஒரு புள்ளிவட்டத்தில் தொங்கும். சரி, அதற்கு 'டெக்ஸ்ட்' என்ற கட்டளை இருக்கு, அதற்குள் போட்டால் எழுத்து சேர்ந்து வரும். அப்போதும் கேட்டெக்குக்குத் தமிழ் எழுத்தின் உயரம் தெரியாது. அதன் சொந்த எழுத்துருவில் தமிழ் இல்லை, போனில் இருப்பதைத்தான் பாவிக்கும். அளவுக்கு ஆங்கிலப் பெரிய 'எம்' எழுத்தைக் கடன் வாங்கும். 'எம்' கோட்டுக்குக் கீழே இறங்காது. எங்கள் 'தூ' இறங்கும். அதனால் தூரத்தின் வால் பின்னக் கோட்டில் உரசிக்கொண்டு நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு முட்டு கொடுத்து, அதாவது அகலமே இல்லாத, உயரமும் ஆழமும் மட்டும் உள்ள ஒரு பெட்டியைப் பக்கத்தில் வைத்து, தூக்கிவிட்டோம். ஆங்கிலத்தில் கணக்கு எழுதுகிறவர் ஒருநாளும் யோசிக்கத் தேவையில்லாத வேலை.

இத்தனை சுற்றும் எதுக்கு, பிரவுசருக்கே கணக்குத் தெரிந்தால் என்ன என்று கேட்கலாம். அதற்காகத்தான் 1998இலேயே மேத்எம்எல் என்ற தரநிலை வந்தது. பயர்பொக்ஸ் நெடுங்காலமாக அதைக் காட்டிவந்தது, சபாரியும்தான். குரோம் மட்டும் 2013 ஜனவரியில் சேர்த்துவிட்டு, அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டது. பத்து வருஷம் கழித்து, 2023 ஜனவரியில், குரோம் 109இல்தான் திரும்பி வந்தது. அந்த வேலையை முன்னின்று செய்தது ஸ்பெயினின் இகாலியா என்ற, ஊழியர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் ஒரு நிறுவனம். நல்ல செய்திதான். ஆனால் அன்ட்ரொய்ட் 6 போன்களுக்குக் குரோம் 106தான் கடைசி. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் புதுசு வாங்கி, பழசைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்ட போன்கள் பல அந்த வயசுதான். மூன்று பதிப்பு வித்தியாசத்தில் கதவு மூடிவிட்டது.

ஆகவே நாங்கள் கேட்டெக்கைப் பிள்ளைகளின் போனில் ஓடவிடுவதில்லை. எங்கள் லெப்டொப்பில் ஓடவிட்டு, அது அடுக்கி முடித்த பெட்டிகளை மட்டும் பக்கத்தில் வைக்கிறோம். கேட்டெக் அதோடு மேத்எம்எல்லையும் மறைவாகச் சேர்த்தே தரும், திரைவாசிப்பான் பாவிக்கிற பிள்ளைக்கு அது உதவும். தேவையான எழுத்துருக்களையும் அதே கோப்புக்குள் திணித்துவிடுகிறோம். ஒரு பாடம், ஒரு கோப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், மெமரி கார்டில் போட்டும் கொடுக்கலாம். இப்படி வந்த கோப்பைத் திறக்கும்போது சில போன்கள் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓடவே விடாது. எங்கள் பக்கத்தில் ஓடுவதற்கு எதுவுமே இல்லை என்பதால் அங்கேயும் கணக்கு ஒழுங்காகத் தெரியும்.

ஒரு குறை இருக்கிறது. பெட்டிகளாக வைத்த நீளமான சமன்பாடு சின்னத் திரையில் தானாக மடியாது, விரலால் தள்ளித்தான் பார்க்கணும். ஆகவே ஒரு வரியில் மூன்று சமக்குறி வந்தால் நாங்களே மூன்று வரியாக உடைத்து எழுதுகிறோம். பிள்ளைகள் அதுதான் விளங்குது என்கிறார்கள், எனவே அதை மாற்றும் யோசனை இல்லை.

சுட்டிகளும் மடக்கைகளும் முடிந்துவிட்டன. பங்குகள் முடிந்தது. தாயங்கள் பாதியில் நிற்கிறது, அடைப்புக்குறிகளின் உயரம் ஒரு பழைய போனில் மட்டும் சரிவரவில்லை. பாமினியில் அடித்த வினாத்தாள்கள் இன்னும் ஒரு கட்டு இருக்கு. தமிழை யுனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் உண்டு, ஆனால் நடுவில் இருக்கிற சமன்பாடுகளைக் கண்ணால் பார்த்துத்தான் திரும்ப எழுதவேண்டும். ஒரு தாளுக்கு இரண்டு பின்னேரம் போகும். நேரம் இருக்கிறவங்க சொல்லுங்க, தாள்களைப் பிரித்துத் தருகிறோம்.