பவுடர் பூசின பாராசூட்

என் அருமைத் தோழிக்கு,

கொலராடோவில் சனிக்கிழமையானா போதும், பெரிய மனுஷங்களெல்லாம் அட்டைக்குழாய் ராக்கெட்டைத் தூக்கிக்கிட்டு மைதானத்துக்குக் கிளம்பிடறாங்க. எங்க வீட்டுக்காரரும் அதில் சேர்த்திதான். இந்தப் பைத்தியத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது யார் தெரியுமா? 1954-ல் நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வச்சிருந்த ஆர்வில் கார்லைல்! அப்புறம் எங்க கொலராடோவைச் சேர்ந்த வெர்ன் எஸ்டஸ் மோட்டாரை மெஷின் வச்சுத் தயாரிக்க, வீட்டுக்கு வீடு தொத்திக்கிச்சு.

விஷயத்துக்கு வர்றேன். பக்கத்து வீட்டு மனுஷர் பெயின்ட், பாலிஷ்னு இழைச்சு இழைச்சு ஒரு ராக்கெட் செஞ்சார். சும்மா சொல்லக்கூடாது, ஜோரா மேலே போச்சு. மூக்கு கழன்றது, பாராசூட்டும் வந்தது, ஆனா பிழிஞ்ச துணி மாதிரி சுருண்டபடியே தொங்கிச்சு. பொத்! மனுஷர் மோட்டாரைத் திட்டித் தீர்த்துட்டார்.

ரெட்டைச் சடை போட்ட ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு பாராசூட்டைப் பிரிச்சுப் பார்த்தா. ஓரமெல்லாம் உருகி ஒட்டியிருந்தது. மோட்டார் எரிஞ்சு முடிஞ்சு சில விநாடி கழிச்சு, அதுக்குள்ளேயே இருக்கற கொஞ்சம் மருந்து வெடிச்சு பாராசூட்டை வெளியே தள்ளும். அந்தச் சூடு படாம இருக்க, தீப்பிடிக்காத டிஷ்யூவைக் கசக்கி நடுவில் வைக்கணும். பெயின்டுக்கு அள்ளி விட்டவர் டிஷ்யூவில் ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருக்கார்!

அந்தப் பொண்ணோட கைப்பக்குவத்தைப் பார்க்கணுமே. குளிரில் பாராசூட்டோட பிளாஸ்டிக் விறைச்சு மடிப்பிலேயே நின்னுடும்னு, ஏவறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் மடிப்பா. ஒட்டாம இருக்கக் குழந்தைப் பவுடர் தூவுவா. நடுவில் ஒரு ஓட்டை, ஆட்டம் குறையுமாம். மூக்கைப் பிடிச்சுத் தூக்கினா ராக்கெட் கழலக்கூடாது, லேசா உதறினா கழலணும். தொளதொளன்னு இருந்தா டேப் ஒரு சுத்து. மூக்கையும் குழாயையும் இணைக்கற, சூட்டில் இற்றுப்போற ரப்பர் கயிற்றுக்குப் பதிலா, அடிப்பக்கம் கெவ்லார் கயிறு. மோட்டார்மேல ‘சி6-5’னு இருந்தா, அந்தக் கடைசி 5-தான் காத்திருக்கற விநாடி. அது ராக்கெட்டுக்குப் பொருந்தலேன்னா, வேகமாப் போறப்பவோ விழறப்பவோ பாராசூட் விரிஞ்சு கிழிஞ்சுடும்.

அவ ராக்கெட் ஆடாம அசையாம இறங்கிச்சு. பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கணுமே!

கோடை லீவுக்கு உன் பையனை இங்கே அனுப்பு. ராக்கெட்டை யார் வேணா மேலே அனுப்பலாம். முழுசா இறக்கறவங்கதான் கெட்டிக்காரங்க. அவன் முதல்ல மடிக்கக் கத்துக்கட்டும், மோட்டாரைத் தொடறது அப்புறம்.