காணாமற்போன இகரம்

எங்கள் தளத்தைச் சென்ற ஆண்டு வேர்ட்பிரஸ்ஸுக்கு மாற்றினோம். இரண்டு நாள் விடுமுறையில் முடித்துவிடலாம் என்று தொடங்கிய வேலை ஏழு மாதம் இழுத்தது. தாமதத்துக்குக் காரணம் தொழில்நுட்பம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்லிவந்தோம். அது பாதி உண்மை.

2001இல் ஐந்து நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய தளம் அது. ஒவ்வொரு பக்கத்தையும் கையால் எச்.டி.எம்.எல். எழுதிக் கட்டினோம். எழுத்து, டிஸ்கி. படிக்க விரும்புகிறவர் முதலில் எழுத்துருவைத் தரவிறக்கித் தம் கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டும். முகப்பில் கட்டுரைத் தலைப்புகளைவிட அந்தக் குறிப்புத்தான் பெரிதாக இருக்கும். பிறகு இயங்கு எழுத்துரு சேர்த்தோம். அது இண்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் வேலை செய்தது. அந்த உலாவிக்கும் 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்துவிட்டது.

எங்கள் கணினிகளில் பழைய எழுத்துரு இருந்ததால் எல்லாம் நலமாக இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவருடைய மகள் தன் கைபேசியில் திறந்து காட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. திரை முழுவதும் கொம்பும் கூரையும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். இது என்ன மொழி என்று அவள் கேட்டாள்.

மாற்றுவது எளிது என்றார்கள், எளிதாகவே இருந்தது. டிஸ்கி எழுத்தின் வடிவத்தை, கையால் எழுதும் வரிசையிலேயே சேமிக்கும். 'கொ' என்பது அதற்குக் கொம்பு, ககரம், கால் என்னும் மூன்று துண்டுகள். யூனிகோடில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக நிற்கும். இந்த இடமாற்றத்தை எழுத்துருமாற்றி நொடியில் செய்துவிடுகிறது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் ஒரே மாலையில் ஒருங்குறியாயின. தேநீர் குடித்துக் கொண்டாடினோம்.

மறுநாள் படிக்க உட்கார்ந்தோம். ஒரு கட்டுரை 'ன்று' என்று தொடங்கியது. அடுத்த பத்தியில் 'ல்லை'. அதற்கடுத்து 'ரண்டு'. இகரம் மட்டும் தொலைந்திருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. டிஸ்கியின் பழைய பதிப்பில் 'இ' உட்கார்ந்திருந்தது 173ஆம் இடத்தில். ஆனால் மேற்கத்தியக் குறியேற்றத்தில் அந்த இடம் ஒருவகை இணைப்புக்கோட்டுக்கு உரியது. வரியின் விளிம்பில் சொல் உடைய நேர்ந்தால் மட்டும் தலைகாட்டும், மற்ற வேளையில் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை மென்பொருள்கள் மதிப்பதில்லை. பின்னால் 1.7ஆம் பதிப்பில் இகரத்துக்கு வேறிடம் கொடுத்தார்கள். நாங்கள் 2005இல் வழங்கி மாறியபோது, ஏறத்தாழத் தொண்ணூறு பக்கங்களை ஒரு பக்கவடிவமைப்பு மென்பொருளில் திறந்து மறுபடி சேமித்திருக்கிறோம். அதுதான் விழுங்கியது. முதலில் தங்கியிருந்த இலவச இடம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. மூலக்கோப்புகளை யாரும் வைத்திருக்கவில்லை. வேபேக் மெஷினில் தேடியதில் முகப்பும் சில கட்டுரைகளும் மட்டும் கிடைத்தன.

2005இலேயே இது கண்ணில் பட்டிருக்க வேண்டும். பதினெட்டு ஆண்டுகளாக அந்தப் பக்கங்களை எங்களில் ஒருவர்கூடத் திறந்து படிக்கவில்லை. தாமதத்துக்கு நாங்கள் சொல்லாமல் விட்ட மற்றப் பாதி அது.

உதவிக்கு வந்தவர் பவணந்தி முனிவர். ஒற்றெழுத்து சொல்லுக்கு முதலாகாது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் ஆகா. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட நன்னூல் விதியைத் தேடுபொறிக் கட்டளையாக எழுதி ஓட்டினோம். ஆயிரக்கணக்கில் அகப்பட்டன. ரயிலும் லட்சமும் டாக்டரும் கூடவே வந்து மாட்டிக்கொண்டார்கள். அவர்களை விடுவிக்க ஒரு நாள் போயிற்று.

இலக்கணத்துக்குத் தப்பியவைதான் தொல்லை. 'இது' என்பது 'து' ஆகி நின்றால் விதி அதை மறிக்காது. 'இவர்' 'வர்' ஆனாலும் அப்படியே. அவற்றை வரிவரியாகப் படித்துத்தான் பிடிக்க முடிந்தது. அப்படிப் படித்தபோது எங்கள் பழைய கட்டுரைகளின் அசட்டுத்தனங்களும் கண்ணில் பட்டன. கையோடு திருத்திவிடலாம் என்று இருவர் வாதாடினர். தொலைந்த எழுத்தை மட்டுமே வைப்பது, சொன்னதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். பக்கங்களின் பழைய முகவரிகளையும் கைவிடவில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் புதிய முகவரிக்கு நிரந்தரத் திசைதிருப்பல் போட்டிருக்கிறோம். எவரோ எங்கோ கொடுத்த சுட்டி செத்துப்போகக் கூடாது அல்லவா.

ஒன்றே ஒன்று தீரவில்லை. ஐவரில் ஒருவர் 2011இல் இறந்துபோனார். கணினியில் நேராகத் தட்டச்சு செய்வதில் அவருக்குப் பெருமை உண்டு; கையெழுத்துப் படி என்று எதுவும் கிடையாது. அவருடைய கவிதைகளில் பெரும்பாலானவை அந்தத் தொண்ணூறு பக்கங்களுக்குள் இருந்தன. அவற்றில் ஒன்றின் கடைசிச் சொல் 'மை'. அழுத கண்ணைப் பற்றிய கவிதை. கலைவது மையாக இருக்கலாம். நனைவது இமையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் அந்தக் கவிதை பொருள் தருகிறது, வெவ்வேறு கவிதைகளாக. கூட்டத்தில் அவர் அதை வாசித்தபோது நாங்கள் எல்லோரும் இருந்தோம். ஒருவருக்கு 'இமை' என்று காதில் நிற்கிறது. இன்னொருவர் 'மை' என்று சத்தியம் செய்கிறார். மற்ற இருவருக்கும் அன்றைக்குப் பெய்த மழைதான் நினைவிருக்கிறது.

அண்ணியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு எங்கே வாசிச்சுக் காட்டினார்? உங்களுக்குத்தானே காட்டினார்" என்றார்.

இப்போதைக்குக் கோப்பில் கிடைத்தபடி 'மை' என்றே போட்டு, கீழே ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறோம். 2005க்கு முன் எங்கள் பக்கங்களை அச்செடுத்து வைத்த அன்பர்கள் யாரேனும் இருந்தால், பழைய தாள்களுக்கிடையே ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டுகிறோம்.